ஏழு மாதம் எனக்கு மாவு கொடுத்த மகனுக்கு

என் வாயில் மண்ணைப் போடாமல் மாவைப் போட்ட மகனே,

நான் இப்போது எழுதப்போகும் கதையை ஒருத்தரும் நம்பப்போவதில்லை. அதற்கு நான் உத்தரவாதம். சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்று, உள்ளங்கையில் சூடம் ஏற்றி, ஜில்லாவில் இருக்கிற அத்தனை சாமியையும் சாட்சிக்குக் கூப்பிட்டுச் சொன்னாலும், மனுக் கொடுக்க வந்த கூட்டம் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். நான் எம். புதுப்பட்டி பட்டாசு ஆலையில் இருபத்தேழு வருசமாக ஃபோர்மேன், ஊருக்கெல்லாம் மாமா, உன் சேக்காளிகளுக்கும்கூட மாமா, கண்ணை மூடிக்கொண்டே அடுத்தவன் பையில் எத்தனை பீடி இருக்கிறது என்று சொல்லக்கூடியவன். அப்பேர்ப்பட்ட ஒருத்தனை அவன் பெற்ற பிள்ளை ஏழு மாதம், தினம் ஒன்று என்று கணக்காக ஏமாற்றினான் என்றால் யார் நம்புவார்கள்? எனக்கே இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை. திங்கட்கிழமை நீ கோயம்புத்தூருக்குப் போகிறாய். பெரிய மருந்துக் கடை, பெரிய ஊர். தீபாவளிக்கு முந்தியிருந்து நமக்குள் நடக்கிற பேச்சு "சாப்பிட்டீகளா", "ம்" என்ற இரண்டோடு நின்றுபோய்விட்டது. அந்த "ம்"முக்குள் அடங்காததை எல்லாம் இங்கே எழுதுகிறேன். பஸ் மதுரை தாண்டின பிறகு படி. அதற்கு முன்னால் படித்தால் இறங்கித் திரும்பி வந்துவிடுவாய். எனக்கு அது ஆகாது.

முதலில் என் இதயத்தின் வரலாறு. பதினொரு வயதில் எனக்கு மூட்டுக்கு மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தது. போகிற காய்ச்சல் சும்மா போகாமல் இதயத்தில் ஒரு வால்வைக் கசக்கிவிட்டுப் போனது. வளர்ந்த பிறகு முதல் முதலாக ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டி வந்தபோது மதுரை டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். பல்லைப் பிடுங்கினால் வாயில் இருக்கிற கிருமி ரத்தத்தில் இறங்கும். மற்றவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது. உனக்கு அது நேரே போய் அந்தக் கசங்கின வால்வில் குடியேறிவிடலாம். குடியேறினால் உயிருக்கே உலை. அதனால் பல்லில் கை வைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இந்தக் கேப்சூல் நான்கு. அன்றைக்கு மட்டும். "அன்றைக்கு மட்டும்" என்பதை அவர் மேசையைத் தட்டிச் சொன்னார். நான் மேசை தட்டின சத்தத்தைக் கேட்டேன், சொன்னதைக் கேட்கவில்லை.

நான் ஏன் கேட்கவில்லை என்பதற்கு என் தொழிலைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவேண்டும். உனக்குத் தெரியும், எங்கள் ஆலையில் எது நடப்பதற்கு முன்னாலும் எதையாவது செய்துவைப்போம். ரூமுக்குள் நுழையுமுன், உடம்பில் இருக்கிற மின்சாரம் பொறி கிளப்பாமல் இறங்க, செம்புத் தகட்டைத் தொடவேண்டும். தரையை நனைக்கவேண்டும். வாசலுக்கு வாசல் தண்ணீர்த் தொட்டி, மணல் வாளி. கலவையை இரும்பு படாமல் அள்ளவேண்டும். தீ வந்த பிறகு செய்வதற்கு ஒன்றுமே கிடையாது. வராமல் இருக்கச் செய்வதுதான் தொழில். அப்படியே ஊறின மண்டைக்கு ஒரு ஞானோதயம் வந்தது: ஒரு நாள் நாலு கேப்சூல் இம்புட்டுக் காவல் காக்கும் என்றால், தினம் ஒன்று போட்டால் எம்புட்டுக் காக்கும்! பல் தேய்க்கும்போதும் ரத்தம் வருகிறதே, கரும்பு கடித்தாலும் வருகிறதே, வால்வுக்கு வாசலில் ஒரு மணல் வாளி நிரந்தரமாக இருந்துவிட்டுப் போகட்டுமே. அன்றைக்கு ஆரம்பித்து பதினாறு வருசம். இடையிடையே விட்டிருக்கிறேன், ஆனால் சீசன் தொடங்கிவிட்டால் ஒரு நாள் தப்பாது. என் ரத்தம் குடித்த கொசு மருந்துக் கடை வைத்துப் பிழைக்கலாம் என்கிற அளவுக்கு ஆகிவிட்டேன். அதோடு நிற்காமல் டப்பாவை ஆலைக்கும் கொண்டுபோய், பல்வலி என்று கன்னத்தில் கை வைத்தவர்களுக்கெல்லாம் இரண்டு இரண்டாக வழங்கினேன். கர்ணனுக்குக் கவசம் போனதோடு சரி, நான் ஊருக்கே கவசம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

போன மாசிமாதம் என் வலது கீழ்க் கடைவாய் வீங்கினதே, ஞாபகம் இருக்கிறதா? ஒன்று போட்டேன், இரண்டு போட்டேன், மூன்று போட்டேன். வீக்கம் என் கேப்சூலை ஒரு விருந்தாளி மாதிரி மரியாதையாக உட்காரவைத்துவிட்டுத் தன் பாட்டுக்கு வளர்ந்தது. நீதான் என்னை விருதுநகர் பல் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாய். அந்தம்மா சீழை எடுத்து மதுரைக்குச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, வேறு மருந்து கொடுத்து, நாலு நாள் கழித்து ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "எத்தனை வருஷமா இதைச் சாப்பிடுறீங்க?" நான் என் முன்னெச்சரிக்கைக் கொள்கையை, மணல் வாளி, செம்புத் தகடு சகிதம், அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "வெடிமருந்துக்குப் புத்தி கிடையாதுங்க. நீங்க நூறு வருஷம் தண்ணி தெளிச்சாலும் அது தண்ணிக்குப் பழகாது. கிருமி பழகும். தினம் மாத்திரை போட்டா அதுக்குச் சாகுற கிருமியெல்லாம் செத்துப்போகும். சாகாத நாலு மிஞ்சும். இப்ப உங்க வாய் முழுக்க அந்த நாலோட பேரன் பேத்திதான். நாளைக்கு இந்தப் பல்லைப் பிடுங்கும்போது நாலு கேப்சூல் போட்டு என்ன பிரயோசனம்? உங்க வால்வுக்குக் காவல் வேணும்கிற ஒரே நாள்ல காவக்காரன் இருக்கமாட்டான்."

வேறு மருந்து இருக்கிறதே என்றேன். "இருக்கு. அதையும் நீங்க தினம் போட ஆரம்பிச்சா அப்புறம் எங்கிட்ட ஒண்ணும் இருக்காது" என்றார். பல்லுக்கு இப்போது அவசரமில்லை, சில மாதம் எந்த மாத்திரையும் தொடாமல் இருந்தால் பழைய கிருமிகள் மெல்லத் திரும்பி வந்து இந்தப் பிடிவாதக் கூட்டத்தை நெருக்கித் தள்ளலாம், நிச்சயம் என்று சொல்லமுடியாது, பார்க்கலாம், அப்புறம் பிடுங்கலாம் என்றார். நான் உன் தலையில் கையை வைத்துச் சத்தியம் பண்ணினேன். "இனி தொட்டா ஏன்னு கேளுலே." நீ என் முகத்தையே பார்த்தாய். அடுத்த வாரமே நீ வேலை பார்க்கிற மருந்துக் கடைக்கு, நீ சாப்பிடப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து வந்து, அதே கேப்சூலில் ஒரு அட்டை வாங்கிக்கொண்டு போனேன். நீ என்னை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று எனக்கு இன்னும் தெரியாது. கண்டுபிடித்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் என்னை இன்றைக்கும் குடைகிறது. கேட்டிருக்கலாம்.

கேட்காமல் நீ செய்தது என்ன? பங்குனி பிறந்ததும் ஒரு நாள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய். "அப்பா, அட்டையப் பிரிச்சுப் பிரிச்சு ஒங்க வெரல் வலிக்கும்ல. நானே பிரிச்சுப் போட்டுட்டேன். தெனம் ஒண்ணு எடுத்துக்கோங்க. டாக்டரம்மாகிட்ட நான் சொல்லல." நான் உருகிப்போனேன். வைப்பாற்றில் வெள்ளம் வந்து சாத்தூர்ப் பாலம் முழுகினது என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அது என் கண்ணீர்தான். பெற்ற பிள்ளை டாக்டர் பேச்சை மீறி அப்பன் பக்கம் நிற்கிறான் என்று ஆலையில் ஒவ்வொரு ரூமாகப் போய்ச் சொன்னேன். சொன்னேன் லே. ஒவ்வொரு ரூமாக.

அந்த ஏழு மாதம் நான் வாழ்ந்த வாழ்வை எந்த ராஜாவும் வாழ்ந்திருக்கமாட்டான். காலையில் காப்பிக்கு முன்னால் ஒன்று. விழுங்கினதும் உடம்புக்குள் ஒரு பட்டாளம் அணிவகுத்துப் போகிற சத்தம் கேட்கும். மாடிப்படி இரண்டிரண்டாக ஏறினேன். "நெசமான மருந்துன்னா இதுதாண்டி" என்று உன் அம்மாவிடம் ஏப்பம் விட்டுக்கொண்டே சொன்னால், அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "ஆமாங்க, ஒங்க மூஞ்சியே தெளிஞ்சிருச்சு" என்பாள். அந்த ஏப்பத்தில் லேசாக ஏலக்காய் வாசம் வந்ததை நான் கம்பெனியின் தரம் என்று நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசிக் கடைசி. ஆர்டர் தலைக்குமேல் இருந்தது, லோடு லாரி இரண்டு வாசலில் நின்றது. பட்டாசுக்குத் திரி முடிகிற பேச்சியம்மாள், அவளை உனக்குத் தெரியும், தீபாவளிக்குத் தீபாவளி உன்னைக் கிள்ளிவிட்டு முறுக்குத் தருவாளே, அவள் கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். மூன்று நாளுக்கு முன்னால் பல்வலி என்று வந்தவளுக்கு வழக்கம்போல என் டப்பாவிலிருந்து ஆறு கேப்சூல் கொடுத்திருந்தேன்.

"மாமா, ஒங்க மாத்திரை அம்புட்டையும் முழுங்கிட்டேன். கன்னம் பூசணிக்காயா வந்து நிக்குது. காச்சல் வேற."

"இன்னும் ரெண்டு போடு. கிருமி சாகுறதுக்கு முன்னாடி துள்ளும், தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே டப்பாவைத் திறந்தேன். அடித்த மழைக்கு டப்பாவுக்குள் ஈரம் இறங்கி நாலைந்து கேப்சூல் இளகி ஒட்டியிருந்தது. அதன்மேல் எறும்பு. ஒன்றிரண்டு இல்லை, சிவகாசித் தேருக்கு வந்த கூட்டம் மாதிரி.

பேச்சியம்மாள் ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தாள். வாய் திறக்க முடியாமல் வீங்கின கன்னத்தோடு கேட்டாள்: "மாமா, எறும்புக்கும் பல்லுவலியா?"

ஒன்றைப் பிதுக்கினேன். உள்ளங்கையில் வெள்ளையாகக் கொட்டியது. நக்கிப் பார்த்தேன். பொரிகடலை மாவு. சீனி. ஏலக்காய். உன் அம்மா மாவுருண்டைக்குத் திரிக்கிற அதே மாவு. நான் முப்பது வருசம் தின்ற மாவு, கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். பேச்சியம்மாளும் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "நல்லா இருக்கு மாமா. நெய்யி மட்டுந்தான் இல்ல." சுற்றி நின்ற பொம்பளையாட்கள் சிரித்த சிரிப்பில் எந்த ரூமும் வெடிக்காமல் இருந்தது அந்தச் செம்புத் தகட்டின் புண்ணியம். நான் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் ஒரு பகடிக்கு நான் சிரிக்காமல் நின்றது அதுதான் முதல் தடவை.

டி.வி.எஸ். ஃபிஃப்டியில் அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு விருதுநகர் வரைக்கும் போனேன். வழி முழுக்க அவள் முனகினது என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. டாக்டரம்மா சீழைக் கீறி எடுத்தார். நான் ஒரு பாவமும் அறியாதவன் மாதிரி, "மாவு குடுத்துட்டான் டாக்டர், எம் பிள்ளை. அதான் இந்தப் பொம்பளைக்கு முத்திப்போச்சு" என்று உன்னைக் காட்டிக்கொடுத்தேன். அவர் பேச்சியம்மாளிடம் மட்டும் கேட்டார், இதற்கு முன்னால் எத்தனை தடவை இவர் மாத்திரை கொடுத்தார் என்று. அவள் விரலை மடக்கினாள். இரண்டு கையும் போதவில்லை. "போன வருசம் ஒரு தடவ வீக்கம் இறங்க ரெண்டு வாரமாச்சு. அப்ப குடுத்தது மாவு இல்ல" என்றாள். டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே, "சீழ் கட்டினா கீறி எடுக்கணும், எந்த மாத்திரையும் அதுக்குப் பதில் ஆகாது. நீங்க நெசமானதைக் குடுத்திருந்தாலும் இவங்க வாய்ல அது வேலை செஞ்சிருக்குமான்னு எனக்குச் சந்தேகம்" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒரு சண்டை போட்டு வெளியே வந்திருப்பேன். ஊருக்குக் கவசம் கொடுத்தேன் என்றேனே, அந்தக் கவசத்தை ஒவ்வொரு வாயிலும் நானே ஓட்டை போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து நான் அதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து டப்பாவை உன் முன்னால் கவிழ்த்தேன்.

"இது என்னலே?"

நீ ஒரு நொடி எறும்பைப் பார்த்தாய். "மாவு."

"யாரு அடைச்சது?"

நீ அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தாய். உன் அம்மா அங்கேயிருந்து வந்தாள். "நாந்தான். தீப்பெட்டி ஆபீசுல மரச்சட்டத்துல குச்சி அடுக்கின கை. ஒரு மணி நேரத்துல நூறு அடைப்பேன். அவனுக்கு நாலு அடைக்கிறதுக்குள்ள பாதி மாவு தரையில."

"ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பேரு சேந்து..."

"நீங்க அவன் தலையில கைய வச்சு சத்தியம் பண்ணீகள்ல? அந்தத் தலைக்கு என்ன ஆகுமோன்னு நான் பயந்தது எனக்குத்தான் தெரியும்."

அப்புறம்தான் நீ பேசினாய். "சொன்னா நிறுத்திருப்பீகளா அப்பா?" நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது உனக்கு நினைவிருக்கும், எனக்கு இருக்கிறது. "நீ எம் பிள்ளையே இல்ல" என்று கூட வந்துவிட்டது. அதை இங்கே எழுதித் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மற்றதை வாங்கிக்கொள்ளவில்லை.

ஏன் வாங்கவில்லை என்று சொல்கிறேன். நீ கோயம்புத்தூர்க் கடையில் நிற்கப்போகிறாய். என்னை மாதிரி ஆயிரம் பேர் வருவார்கள். பல்வலி, ரெண்டு கேப்சூல் குடு. நாளைக்குக் கலியாணம், முன்னெச்சரிக்கையா ரெண்டு குடு. தொண்டை கரகரன்னுது, வரமுன்ன நாலு குடு. அவர்களுக்கு மாவு கொடுக்கமாட்டாய், தெரியும். ஆனால் முகத்துக்கு நேரே "தரமாட்டேன், டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி, அவன் திட்டுகிற திட்டை வாங்கிக்கொண்டு நிற்கவேண்டும். அதை நீ என்னிடம் செய்யவில்லை. என் சண்டைக்குப் பயந்து என்னைக் குழந்தையாக்கினாய். எனக்குக் கொடுத்த மாவு எனக்கு நல்லதே செய்திருக்கலாம். அந்த மாவு டப்பா வீட்டை விட்டுப் போய் ஒரு பேச்சியம்மாள் வாய்க்குள் விழும் என்று நீ நினைக்கவில்லை பார். பொய் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்று நினைத்தாய். அது ஆலை வரைக்கும் வந்தது. மூன்று நாள் காய்ச்சலோடு அந்தப் பொம்பளை திரி முடிந்தாள்.

நீதி சொல்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று கேட்பாய். இல்லை. உனக்கே தெரியாத ஒன்று உண்டு. சின்ன வயதில் வருசா வருசம் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் உனக்கு ஒரு ஸ்பூன் தேன் தருவேனே, கோயில் தேன், நக்கினால் தொண்டை கட்டாது என்று. கசக்குதுப்பா என்பாய். சாமி தேன் அப்படித்தான் இருக்கும் என்பேன். அது என் கேப்சூலைப் பிரித்துக் கலந்தது. உனக்குச் சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. நீ ஐஸ் தின்பாய் என்பதற்காக முன்னெச்சரிக்கை. ஐந்து வருசம் செய்தேன். உன் அம்மாவுக்கும் தெரியாது. உன் வாயில் நான் எதை வளர்த்துவிட்டிருக்கிறேன் என்று இப்போது யோசித்தால் சோறு இறங்கவில்லை. நீ என்றைக்காவது பல் டாக்டரிடம் போனால் இதைச் சொல். என் அப்பா ஒரு கிறுக்கன் என்று சேர்த்தே சொல்.

கார்த்திகையில் மறுபடி சோதனை எடுத்தார்கள். அந்தக் கேப்சூலுக்குச் சாகிற கிருமிகள்தான் இப்போது அதிகம் என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டரம்மா உன்னையும் வைத்துக்கொண்டே என்னிடம், "ஏழு மாசம் தொடாம இருந்திருக்கீங்க, மன உறுதிதான்" என்றார். மாவுக் கதையை நான் முன்னமே சொல்லியிருந்தும் அவர் அதைச் சொன்னார், வேண்டுமென்றே சொன்னார். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன். நீ சிரிப்பாய் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். சிரிக்கவில்லை.

பல் பிடுங்குகிற நாள். ஒரு மணி நேரம் முன்னால் நாலு கேப்சூல். நீ அட்டையோடு கொடுத்திருக்கவேண்டும். கடைப் பழக்கத்தில் பிரித்து உன் உள்ளங்கையில் போட்டு நீட்டிவிட்டாய். நீட்டின பிறகுதான் உனக்கு உறைத்தது, முகம் செத்துவிட்டது. "அய்யோ, அட்டையோட குடுத்திருக்கணும். இந்தாங்கப்பா அட்டை, பாருங்க" என்று கிழிந்த அட்டையைக் காட்டினாய். கிழிந்த அட்டை எதற்குச் சாட்சி? ஏழு மாதம் அதே கை கொடுத்த டப்பாவிலிருந்து நான் மாவு தின்றிருக்கிறேன். அன்றைக்கு அது மாவாக இருந்தால் என் வால்வு என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினேன். நாலையும் ஒவ்வொன்றாகத் திருகித் திறந்தேன், நாக்கு நுனியில் வைத்துக் கசப்புப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்தேன், நகத்தில் எடுத்து எடை பார்த்தேன், பத்துத் தடவை மோந்தேன், துளி சிந்தாமல் மூடி அப்புறம்தான் விழுங்கினேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். ஆலையில் சொன்னேன். பேச்சியம்மாளிடம் இரண்டு தடவை சொன்னேன். உன் காதிலும் விழுந்திருக்கும். விழவேண்டும் என்றுதான் சொன்னேன்.

அதில் ஒரு சின்ன இடம் மட்டும் நெசம். சுவர்ப் பக்கம் திரும்பினேன். ஒன்றையும் திறக்காமல் அப்படியே விழுங்கினேன்.